கரைப் பாதைக்குத் தார் வேண்டாம்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களும் படிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வுக் காலமும் உடற்பயிற்சியும்’. தலைப்பை விட்டு விலக மாட்டேன். ஆனால் அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு, இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக உள்ள தீர்மானத்தில் கொண்டுபோய் இறக்கப் போகிறேன். நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குளத்துக் கரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை இருக்கிறது. அதற்குத் தார் போட்டுத் தரும்படி பேரூராட்சிக்கு மனு கொடுப்பது என்பதுதான் அந்தத் தீர்மானம். நீங்கள் கையெழுத்துப் போடும் முன் இதையும் கேட்டுவிடுங்கள். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். ‘படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க’ என்று சொல்லிச் சொல்லி அதுவே பழக்கமாகிவிட்டது.

கிராவல் நமக்குத் தெரிந்ததுதான்

இப்போது உலகம் முழுவதும் ‘கிராவல் பைக்கிங்’ என்று ஒரு சைக்கிள் ஓட்டம் பரவியிருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வீடு கட்டும்போது லாரியில் கொண்டுவந்து அடிக்கிறோமே, அந்தக் கிராவல் மண்தான். தார் போடாத சரளைப் பாதைகளில், வாகனத் தொந்தரவு இல்லாமல் சைக்கிள் ஓட்டுவதற்குத்தான் இந்தப் பெயர்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறிய ஊரில் 2006-ல் இப்படி ஒரு பந்தயம் தொடங்கியது. பண்ணைகளுக்கு நடுவே உள்ள சரளைச் சாலைகளில் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இன்று உலகெங்கும் இருந்து அதற்கு ஆட்கள் வருகிறார்கள். 2022-ல் சர்வதேச சைக்கிள் சங்கமே இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது.

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்கு இதற்காகவே விடுமுறையில் போகிறார்கள். அங்கே மாடு மேய்ப்பதற்கும், மரம் வெட்டிக் கொண்டுவருவதற்கும், புல் அறுத்து வருவதற்கும் போட்ட பாதைகள் மலைச் சரிவெங்கும் இருக்கின்றன. விவசாயத்துக்காகப் போட்ட அந்தப் பாதைகளில்தான் இவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மாடு குறுக்கே நின்றால் இறங்கி நிற்கிறார்கள். நம் வண்டிப் பாதைகளும் வாய்க்கால் கரைகளும் அதே வேலைக்காக உண்டானவைதானே?

சைக்கிளைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். கிராவல் சைக்கிள் என்று இன்று விற்பதற்கு டயர் அகலம் பெரும்பாலும் 35-லிருந்து 45 மில்லிமீட்டர். நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலஸ், ராலே சைக்கிள்களின் டயர் என்ன அளவு? 28-க்கு ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். ஆக, கிராவல் டயரில்தான் நம் ஊர் பால்காரரும் தபால்காரரும் ஐம்பது வருடம் ஓட்டியிருக்கிறார்கள், பெயர்தான் தெரியாது. புதிய சைக்கிளில் கியர் உண்டு, டிஸ்க் பிரேக் உண்டு, எடை குறைவு. அதனால் மேடு ஏறுவது எளிது. விலையும் லட்சங்களைத் தொடும். நமக்கு அது தேவையே இல்லை. பரணில் கிடக்கும் பழைய சைக்கிளை இறக்கி, கடையில் ஓவராயில் செய்து, பிரேக் கட்டை மாற்றினால் போதும்.

சாலையை யார் எடுத்துக்கொண்டார்கள்?

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். செங்கோட்டை எட்டு கிலோமீட்டர். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த மாதிரி தூரம். மேற்கே போகப் போக ஏற்றம் உண்டு. மூச்சு வாங்கும் அளவுக்கு இல்லை. நான் வங்கியில் சேர்ந்த புதிதில், கிளை வாசலில் ஸ்கூட்டர் இரண்டு நின்றால் சைக்கிள் இருபது நிற்கும். சீசனில் சாரல் அடிக்க அடிக்க அருவிக்குச் சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு, தலை துவட்டிய துண்டை ஹேண்டில்பாரில் கட்டிக் காயவைத்துக்கொண்டே திரும்புவோம்.

இன்று அதே சாலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகும் கார், வேன் வரிசையில் நமக்கே சாலையைக் கடக்க முடியவில்லை. சீசன் முடிந்தாலும் ஓய்வில்லை. கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகப் போகும் கனரக லாரிகள் வருடம் முழுவதும் ஓடுகின்றன.

இதில் யார் ஒதுங்கினார்கள்? சைக்கிள்தான். தமிழ்நாடு அரசு பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் தெருக்களிலேயே எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்தச் சைக்கிள் துருப்பிடித்து நிற்கிறது! பிள்ளைகளுக்கு ஓட்ட ஆசை இல்லாமல் இல்லை. பெற்றோருக்குச் சாலையில் விடப் பயம். அந்தப் பயத்தில் தவறே கிடையாது.

நம் பிள்ளைகள் பதினைந்து, இருபது பேர் இன்றும் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள் என்றால் அது குளத்துக் கரைப் பாதையால்தான். அந்தப் பக்கம் போய் இறங்கினால் பள்ளிக்கூடத் தெரு. பிரதான சாலையை மிதிக்கவே வேண்டாம். காலையில் கரையில் நடக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். மணியடித்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகப் போகும் பிள்ளைகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

தார் போட்டால் என்ன ஆகும்?

அங்கே கார் வராததற்குக் காரணம் என்ன? தடுப்புக் கம்பி இல்லை, போலீஸ் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. மண் பாதை, சரளை, நடுவில் இரண்டு பள்ளம். அவ்வளவுதான். அந்த மண்தான் இத்தனை காலம் கேட் போட்டு வைத்திருக்கிறது.

தார் விழுந்த மறு சீசனில் அது குற்றாலம் சாலை நெரிசலுக்குக் குறுக்கு வழி ஆகிவிடும். இப்போது ஓட்டுநர்கள் ஊர்க்காரர்களிடம் வழி கேட்பதில்லை; கைப்பேசி வரைபடத்தைக் கேட்கிறார்கள். நெரிசல் இல்லாத சந்து எங்கே இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். நான்கு மீட்டர் அகலக் கரையில், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் சைக்கிளில் வரும் பிள்ளை எங்கே ஒதுங்கும்?

வரவு செலவு போட்டுப் பார்ப்போம். நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. இப்போது காரில் சுற்றிப் போகும் தூரம் மூன்று கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆறு நிமிடம். கரை வழியாகப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர், மூன்று நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம். இதுதான் வரவு. செலவுப் பக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வழி, பெரியவர்களின் நடைப் பாதை, குளத்தின் அமைதி. இந்தப் பேரேட்டை நான் எத்தனை முறை கூட்டினாலும் நஷ்டம்தான் வருகிறது.

தாரை எதிர்த்து மண் பாதையைக் காப்பாற்றிய ஊர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இத்தாலியில் டஸ்கனி என்ற பகுதி. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆலிவ் தோப்புகளுக்கும் நடுவே வெள்ளைச் சரளைப் பாதைகள் ஏராளம். ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்பார்கள். வெள்ளைச் சாலைகள் என்று பொருள். அவற்றுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தார் போட்டுக்கொண்டே வந்தார்கள். 1997-ல் கையோலே என்ற ஊரில் சில சைக்கிள் ஆர்வலர்கள் சேர்ந்து ‘லெரோயிக்கா’ என்ற பெயரில், பழைய சைக்கிள்களில் அந்தப் பாதைகளைச் சுற்றி வரும் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். மிச்சமுள்ள வெள்ளைச் சாலைகளைத் தாரிலிருந்து காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. முதல் வருடம் நூறு பேர்கூட இல்லை. இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அதிலிருந்து 2007-ல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் பிறந்தது. அந்தப் பந்தயத்துக்கு முதலில் யார் பெயர் தெரியுமா? ஒரு வங்கியின் பெயர். 1472-ல் தொடங்கி இன்றும் நடந்துவரும், உலகின் மிகப் பழைய வங்கியான மோன்டே டெய் பாஸ்கி. மண் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வங்கியின் பெயரைப் பார்ப்பதில் என்னைப் போன்ற ஆளுக்கு ஒரு சந்தோஷம்.

வாகனத்தை ஊருக்கு வெளியே நிறுத்தும் ஊர்களும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்ற மலைக் கிராமம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் டேஷ் என்ற ஊரிலேயே காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டும். ஊருக்குள் சிறிய மின்சார வண்டிகள் மட்டுமே. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் உள்ள அதே ஐந்து கிலோமீட்டர்தான்! நம் நாட்டில் மும்பைக்கு அருகே மாத்தேரான் இருக்கிறது. தஸ்தூரி என்ற இடத்தோடு கார்கள் நின்றுவிடும். செம்மண் பாதையில் நடக்கலாம், குதிரையில் போகலாம். அண்மைக் காலமாக மின் ரிக்‌ஷாவும் உண்டு. நம் மாநிலத்திலேயே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

அங்கெல்லாம் சட்டமும் நீதிமன்றமும் வேண்டியிருந்தது. நமக்குச் சும்மா இருந்தாலே போதும். இருப்பதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

எதிர்க் கேள்விகள்

தார் கேட்டு மனு எழுதிய அண்ணாச்சிமார் நம் நன்மைக்குத்தான் எழுதினார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஐப்பசி, கார்த்திகையில் சேறு. உண்மை. மறுகாலுக்குப் பக்கத்தில் ஒரு இடமும், இரண்டாவது மடைக்கு அருகில் ஒரு இடமும் முழங்கால் சேறாகிவிடுகின்றன. போன மழையில் அங்கே ஒரு மதினி வழுக்கி விழுந்து கை பிசகி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். அதை அப்படியே விடக் கூடாது. ஆனால் மருந்து தார் அல்ல. சரளைப் பாதைக்கும் ஒரு முறை இருக்கிறது. கல், மணல், கொஞ்சம் களி மூன்றும் கலந்த கிராவலைப் போட வேண்டும். களி இல்லாவிட்டால் பிடிக்காது, கூடினால் சேறாகும். நடுவில் உயர்த்தி, மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டராவது ஓரம் நோக்கிச் சரியும்படி ரோலர் ஓட்ட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் குழாய் பதிக்க வேண்டும். பாதை கெடுவது வண்டியால் பாதி, தேங்கும் தண்ணீரால் பாதி. இரண்டு இடத்தை மட்டும் இப்படிச் செய்தால் ஒன்றரைக் கிலோமீட்டரும் சரியாகிவிடும். கரை என்பது தண்ணீரைத் தாங்கக் கட்டியது. ஆகவே எதைச் செய்தாலும் நீர்வளத்துறையின் அனுமதியோடு செய்வதுதான் முறை.

இரண்டாவது, ஆம்புலன்ஸ். வீட்டில் வயதானவர்கள் உள்ள எல்லோருக்கும் உள்ள கவலை, எனக்கும் உண்டு. நம் எல்லாத் தெருக்களுக்கும் முன்பக்கத்திலிருந்து தார்ச்சாலை இருக்கிறது. கரைப் பாதையில் ஒரு வீட்டு வாசலும் இல்லை. குடியிருப்பின் பின் கேட்டிலிருந்து கரை தொடங்கும் இடம் வரை சுமார் நூறு மீட்டர் குண்டும் குழியுமாக இருக்கிறதே, அங்கே வீடுகள் இருக்கின்றன. அதற்குத் தார் கேட்போம். முதல் கையெழுத்து என்னுடையது.

மூன்றாவது, விவசாயிகள். கரையில் நம்மைவிட அவர்களுக்குத்தான் உரிமை அதிகம். நம் குடியிருப்பு வருமுன்பே அது அவர்கள் வண்டிப் பாதை. அவர்களிடம் கேட்டேன். நடவுக்கும் அறுப்புக்கும் டிராக்டர் சிக்காமல் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. வெளியூர்க் கார் வரிசையில் நெல் மூட்டையோடு காத்து நிற்க அவர்களும் விரும்பவில்லை.

நான்காவது, இருட்டு. பெண் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும்போது பயம். நியாயம். பாதையின் இரு முனையிலும் நடுவிலும் விளக்கு கேட்போம். ஓரத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டுவோம். பனையைத் தொட வேண்டாம், கரையைப் பிடித்து நிற்பது அதன் வேர்தான். ஆள் நடமாட்டம் கூடினால் பயம் தானே குறையும்.

எங்கே ஓட்டலாம், எப்படி ஓட்டலாம்

சரி, சைக்கிளை இறக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது?

மேற்கே இலஞ்சி, வல்லம் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே வண்டிப் பாதைகள் இருக்கின்றன. முகத்துக்கு நேரே மலை. தெற்கே ஆயிரப்பேரி, மத்தளம்பாறை பக்கம் போனால் மலை வலது கைப் பக்கம் கூடவே வரும். மத்தளம்பாறையில் வசிக்கும் சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கிராமத்தில் சைக்கிள் ஓட்டும் படத்தை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். கோடீஸ்வரருக்கே சைக்கிள் போதுமானதாக இருக்கும்போது நமக்கென்ன? கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள் சுந்தரபாண்டியபுரம். ‘ரோஜா’ படத்துக் கதாநாயகியின் ஊர். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்தால் அங்கேயும் கார்க்கூட்டம்தான். கிழக்கு வெளுக்கும்போதே போய்விட்டால் வயல் ஓரம் நீங்களும் பூவும் மட்டும் இருப்பீர்கள்.

காற்றை மறக்காதீர்கள். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று எவ்வளவு வலுவானது என்பதற்குச் சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். போகும்போது மேற்கே போங்கள், காற்றை எதிர்த்து மிதியுங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். கிழக்கே போவதானால் விடியுமுன் கிளம்பி, காற்று ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். மலைப் பக்கச் செம்மண் சரளை, மழை விட்ட சிறிது நேரத்தில் தண்ணீரை வடித்துவிடும். சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் கரிசல். நனைந்தால் டயரைச் சுற்றி அப்பி, மட்கார்டில் அடைத்து, சக்கரம் சுற்றவே விடாது. மழை நாளில் அந்தப் பக்கம் வேண்டாம்.

டயரில் காற்றைக் கல் போல அடிக்காதீர்கள். அமுக்கினால் லேசாக அமுங்க வேண்டும். அப்போதுதான் சரளையின் அதிர்ச்சியை டயர் வாங்கிக்கொள்ளும். முதுகும் மணிக்கட்டும் தப்பிக்கும். ரொம்பக் குறைத்தாலும் கல்லில் ஏறும்போது ரிம் கடித்து டியூப் பஞ்சராகும். கரையில் உடை முள் கிடக்கும். ஒரு டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். சரளையில் முன் பிரேக்கைச் சடாரென்று பிடிக்கக் கூடாது. திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முட்டி வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்பவர்களில் பலருக்குச் சைக்கிள் ஒத்துக்கொள்ளும். உடம்பின் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது அல்லவா? சீட்டு உயரத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்குவதும், கடையம் பக்கம் கரடி, சிறுத்தை வருவதும் நமக்குப் புதிய செய்தி இல்லை. விடிகாலையிலும் அந்தியிலும் காட்டு ஓரம் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் வனத்துக்குள் நுழையவே கூடாது. இரண்டு, மலையில் கருத்திருந்தால் ஓடையில் இறங்கிக் கடக்காதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் போனதை நாம் மறக்க முடியாது. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்துகொண்டிருக்கும்.

வழியில் ஆட்டு மந்தை வந்தால் இறங்கி நில்லுங்கள். காயப்போட்ட நெல்லின் மேல் ஓட்டாதீர்கள். கைப்பேசியில் பாட்டு வேண்டாம். குளத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும் உட்கார்ந்திருக்கும். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் வருடந்தோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; நம் பிள்ளைகளும் தன்னார்வலர்களாகச் சேரலாம். ஹாரன் சத்தம் உள்ள குளத்தில் எண்ணுவதற்குப் பறவை இருக்காது.

மதினிமார்களுக்கு ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அதில் இருந்தார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் வங்கிகள் பெண்களுக்குச் சைக்கிள் கடன் கொடுத்தன. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக, யாரையும் எதிர்பார்க்காமல் அவர்களே போனார்கள். ‘இந்த வயசில் சைக்கிளா’ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விழுந்தாலும் பார்த்துச் சிரிக்க ஆளில்லாத ஒரு மண் பாதை நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

என் வேண்டுகோள்

நான்காவது தீர்மானத்தை இப்படித் திருத்தி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. பின் கேட்டிலிருந்து கரை தொடங்கும் இடம் வரை மட்டும் தார்ச்சாலை கேட்பது.

2. கரைப் பாதையைச் சரளைப் பாதையாகவே வைத்து, சேறாகும் இரண்டு இடத்திலும் கிராவல் போட்டு, குழாய் பதித்துத் தரும்படி நீர்வளத்துறைக்கும் பேரூராட்சிக்கும் மனு கொடுப்பது.

3. பாதையின் இரு முனையிலும் எடுத்து மாட்டும்படியான தடுப்புக் கம்பி வைத்து, சாவியை விவசாயிகளிடம் கொடுப்பது. டிராக்டரும் மாட்டு வண்டியும் போகும், கார் போகாது.

4. மூன்று இடத்தில் விளக்கு கேட்பது; மாதம் ஒரு முறை நாமே குப்பை அள்ளுவது.

இதற்காகும் செலவு ஒன்றரைக் கிலோமீட்டர் தார்ச்சாலைச் செலவில் சிறு பகுதிதான் என்பதைச் சொல்ல ஒப்பந்தக்காரர் தேவையில்லை. ஆனால் நான் பணத்துக்காகப் பேசவில்லை. ஒரு தடவை தார் போட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்கும்படி எந்தச் சங்கமும் மனு கொடுத்ததில்லை, கொடுத்தாலும் நடக்காது. மண்ணாக விட்டால், வேண்டுமென்றால் பத்து வருடம் கழித்துக்கூட நம் பிள்ளைகள் தார் போட்டுக்கொள்ளலாம். முடிவை அவர்களுக்கு மிச்சம் வைப்போம். அந்தப் பாதையில் இன்று அதிகம் போய் வருவது அவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை.

இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரை தொடங்கும் இடத்துக்கு வாருங்கள். சைக்கிள் இல்லாதவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நான்கைந்து வண்டி தேற்றி வைத்திருக்கிறோம். ஓட்டத் தெரியாதவர்கள் நடந்து வாருங்கள். தீர்மானத்தின் மேல் எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும், அந்த ஒன்றரைக் கிலோமீட்டரையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.



(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில் இரு தரப்பு உறுப்பினர்களும் பேசினர். நான்காவது தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அதற்குள் உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுத்து மூலம் செயலாளரிடம் தரலாம்.)